என் சட்டைக்குப் பெய்த மழை

1

இன்று எனக்குத் திவசம். உடம்புக்கு ஒன்றுமில்லை. காலையில் ஐந்து இட்லி உள்ளே போயிருக்கிறது. ஆறாவதைக் கேட்டபோது என் மனைவி பொன்னுத்தாயி பார்த்த பார்வையில் அது பானைக்கே திரும்பிப் போய்விட்டது. இருந்தாலும் சித்திரை மூன்றாம் நாள் என்றால், குஜிலியம்பாறைக்கு மேற்கே உள்ள என் ஊர்க்காரர்கள் என்னைச் சுடுகாட்டில் வைத்துக் கொளுத்திய நாள். மலாயாவுக்கு வந்து கிள்ளானில் மளிகைக் கடை போட்டு, பிள்ளை குட்டி பெற்று, தொந்தியும் வளர்த்த பிறகும் அந்த நாளை நான் மறந்ததில்லை. வருடா வருடம் இந்த நாளில் என் மச்சான் வேலுச்சாமியை நினைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பது வழக்கம். இப்போது கடைவாயில் இரண்டு பல் போய்விட்டதால் ஒரு பக்கமாகக் கடிக்கிறேன்.

இந்த வருடம் வழக்கம் மாறியிருக்கிறது. அடுப்பில் பாயசம் கொதிக்கிறது.

விடியற்காலையில் சுமத்ராக் காற்று வேறு வந்து போனது. எதிர்க்கரையில் இருக்கும் தீவின் பெயரையே இங்கே அந்தக் காற்றுக்கு வைத்துவிட்டார்கள். கடல் பக்கம் கறுப்பாக ஒரு வளைவு எழும்பும். அடுத்து நாய்கள் கட்டிலுக்கு அடியில் போகும். நாய்களுக்குப் பின்னால் நானும் போவேன். இன்று கடைக் கூரையில் ஒரு தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போய் எதிர்த்த வீட்டுச் சீனர் வாசலில் போட்டது. அவர் அதை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். நான் மலாயில் நன்றி சொல்வதாக நினைத்துக்கொண்டு எதையோ சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "பரவாயில்லை, உங்களுக்கும்" என்று மலாயிலேயே சொல்லிப் போனார்.

நம் திண்டுக்கல் சமவெளியின் கோடைப் புயல் இப்படி அதிகாலையில் வந்து கதவைத் தட்டாது. அது நாள் முழுக்கக் காய்ச்சிவிட்டுத்தான் வரும். பங்குனி, சித்திரையில் காலைக் காற்று செத்துக் கிடக்கும். உச்சிப்பொழுதில் புழுதி சுழன்று சுழன்று வரப்போடு நடக்கும். மாடு நிழலில் நின்றுகொண்டே மூச்சு வாங்கும். பிறகு வடமேற்கு மூலை கறுக்கும். மழை வேண்டுமென்று கும்பிட்டவனுக்கும் வேண்டாமென்று கும்பிட்டவனுக்கும் சேர்த்து ஒரே காற்றாக வரும். வேண்டாமென்று கும்பிட்டவன் எங்கள் ஊரில் ஒரே ஒருத்தன். அந்தப் புண்ணியவான் நான்தான்.

2

ஐம்பதுகளின் தொடக்கம். மழை பொய்த்துக்கொண்டே இருந்த காலம். எங்கள் ஊர் முழுக்க வானம் பார்த்த பூமி. கோடையில் ஒரு மழை விழுந்தால்தான் உழவு, குளத்தில் மாட்டுக்குத் தண்ணீர், எல்லாம். எனக்கு மட்டும் என் காட்டில், அதாவது நிலத்தில், பாசனத்துக்கு ஒரு கிணறு இருந்தது. தண்ணீர் உப்பு. குடிக்க முடியாது, பருப்பு வேகாது, குளித்தால் தலைமுடி விளக்குமாறு மாதிரி நிற்கும். ஆனால் உப்புத் தண்ணீருக்கு வாய்ப் புகையிலை நன்றாக வரும். காரமும் கனமுமாக வரும். அந்தக் காட்டின் மேல் மச்சானுக்கு, அதாவது பொன்னுத்தாயியின் அண்ணன் வேலுச்சாமிக்கு, ரொம்ப நாளாக ஒரு கண்.

புகையிலைச் செடியை வெட்டி, பரண் கட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டு வெயிலில் காயப்போடவேண்டும். அந்த நேரத்தில் மழை பட்டால் இலையில் இருக்கும் பிசின் கழுவிப் போய்விடும். புள்ளி விழும், அழுகும், மாடுகூட மோந்து பார்க்காது. எல்லோரும் மாசியில் வெட்டி பங்குனியில் காயவைத்து முடிப்பார்கள். நான் நாற்று விட்டதே பிந்தி. காரணம், நாற்று விடவேண்டிய நாட்களில் பழனியில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். எனவே சித்திரை பிறந்தும் என் இலை பரணில் தொங்கியது.

ஊரே காளியம்மன் கோயிலில் மழைக்காகப் பொங்கல் வைத்தது. நான் யாரும் இல்லாத உச்சிப்பொழுதில் தனியாகப் போய் ஒரு தேங்காயை உடைத்து, "ஆத்தா, பேஞ்சா நல்லதுதான். ஆனா என் இலை காயுற வரைக்கும் செத்த பொறுத்துக்க" என்று கும்பிட்டேன். பூமிக்கே கேட்காத மாதிரி மெதுவாகத்தான் சொன்னேன். தூணுக்குப் பின்னால் மச்சான் படுத்திருந்தார்.

3

மழை இல்லாவிட்டால் கொடும்பாவி கட்டி இழுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஊரில் எவனோ ஒரு பெரும்பாவி இருக்கிறான், அவன் செத்தால் மழை வரும் என்பது கணக்கு. அதனால் வைக்கோலும் களிமண்ணும் வைத்து ஓர் ஆள் உருவம் செய்து, மூன்று நாள் தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து அழுது, கடைசியில் சுடுகாட்டில் கொளுத்துவார்கள். கொள்ளி வைக்கிறவர் மீசையை எடுத்துக்கொள்ளவேண்டும். அந்தப் பாவி யார் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த மரியாதை காலங்காலமாக உண்டு. உருவத்துக்கு முகமே இருக்காது.

என் மச்சான் முகம் வைத்தார். என் முகத்தை வைத்தார். இடது காது எனக்குக் கொஞ்சம் பெரிது, அதைக்கூட விடவில்லை. வாயில் ஒரு புகையிலையைச் செருகினார். என் கோடு போட்ட அரைக்கைச் சட்டையை மாட்டினார். அந்தச் சட்டையைக் கொடுத்தது என் வீட்டுக்காரி. "அண்ணன் போட்டுப் பாக்கக் கேட்டாரு, குடுத்தேன்" என்றாள் பாவம். யார் போட்டுப் பார்ப்பது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் வாசலில் நின்றுகொண்டிருக்கிறேன். நான் தெருவில் இழுபட்டு வருகிறேன். முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மச்சான்.

"என்ன மச்சான், அது என் சட்டை மாதிரி இருக்கே" என்றேன்.

"சட்டைதான் மாப்ளே ஒன்னுது. ஆளு ஊருக்குப் பொது."

தெரு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் வேறு என்ன செய்வது, அவ்வளவு நன்றாக இருந்தது அந்தக் காது.

ஒப்பாரிக்கு வீட்டுக்கு ஒரு பெண் போயாகவேண்டும். போகாத வீட்டுக்கு ஊர்க்கிணற்றில் தண்ணீர் கிடையாது. அதனால் பொன்னுத்தாயியும் போனாள். "பொகையில காயணும்னு பொழப்பெல்லாம் காய வச்ச ராசாவே" என்று ஒரு கிழவி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டு. மூன்று நாளும் ஊரே என் பேரைச் சொல்லிச் சொன்னது, சின்னச்சாமி பெண்டாட்டி அழுத அழுகைதான் அழுகை என்று.

"அப்படி என்னத்த நெனச்சு அழுத?" என்று அவளைக் கேட்டேன்.

"ஒங்க மூஞ்சியில்ல அதுல இருந்துச்சு. அழாம என்ன செய்ய?" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை. இந்த வருடம் வரைக்கும் பேசியதில்லை.

4

மூன்றாம் நாள் மத்தியானம் கொளுத்தினார்கள். மச்சான் மீசையை எடுத்துவிட்டு, என் மீது உண்மையிலேயே பாசம் உள்ளவர் மாதிரி கொள்ளி வைத்தார். நான் போகவில்லை, என் சாவுக்கு நானே போவது அழகில்லை என்று காட்டில் இலைக்குக் காவல் இருந்தேன்.

புகை மேலே போயிருக்கும். அடுத்து வடமேற்கு மூலை கறுத்தது. முதலில் ஒரு குளிர்ந்த காற்று வந்து கழுத்தைத் தொட்டது. பாயை எடுத்துக்கொண்டு பரணுக்கு ஓடினேன். பாயைக் காற்று பிடுங்கிக்கொண்டது. வேட்டியையும் பிடுங்கிக்கொண்டது. பரண் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எழுந்து, நடந்து வரப்பைத் தாண்டியது. ஆலங்கட்டி விழுந்தது. நெல்லிக்காய் அளவு இருக்கும். தலையில் விழுந்த கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிட்டால் வர ஓர் ஆள் கிடையாது. ஊரே சுடுகாட்டில் எனக்கு மரியாதை செய்துகொண்டிருந்தது. செத்த நேரம்தான். மழை நின்றபோது இலையெல்லாம் சேற்றோடு சேறு.

ஊர் நனைந்துகொண்டே ஓடி வந்தது. என்னைத் திட்டத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். தூக்கினார்கள். தோளில் வைத்து, அரளி மாலை போட்டு, குளத்துக்கரை வரைக்கும் கொண்டுபோனார்கள். குளத்தில் மாடு முழங்கால் நனைய நின்றது. "சின்னச்சாமி மாதிரி ஒரு பாவி நம்ம ஊருக்குக் கெடைக்கணுமே" என்று ஒரு பெரியவர் கண்கலங்கினார். அவ்வளவு பேர் சந்தோஷத்துக்கு நடுவில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோளில் உட்கார்ந்தபடி பார்த்தால் என் காடு நன்றாகத் தெரிந்தது.

அந்த வருடமே கடனுக்குக் காடு மச்சான் கைக்குப் போனது. நான் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன்.

அதோடு விட்டார்களா? அந்த மழை பலித்துவிட்டது அல்லவா, அதனால் மழை தவறிய வருடமெல்லாம் என்னையே கட்டி இழுத்தார்கள். ஊரில் நான் விட்டுவந்த பழைய சட்டைகள் இருந்தவரை மழையும் வந்ததாம். இங்கே குடியுரிமைக்கு மனுப்போட்டபோது நான் இன்ன ஊரில் பிறந்தவன் என்று ஊரிலிருந்து ஒரு சான்று கேட்டார்கள். எனக்காக ஊருக்குப் போய்க் கிராம முன்சீப்பைப் பார்த்தவர் திரும்பி வந்து சொன்னார்: "அவரு பொறந்ததப் பாத்தவுக யாரும் இல்லியாம். எரிஞ்சதுன்னா ஊரே சாட்சி சொல்லும்னாரு." கிள்ளான் ஆபீஸில் இதை எப்படி மொழிபெயர்ப்பது? மூன்று தடவை போனேன். நாலாவது தடவை அந்தக் குமாஸ்தாவே அலுத்துப்போய் முத்திரை குத்தினார்.

என் மகன் முருகேசனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவன் பேச்சில் தமிழ் பாதி, மலாயும் இங்கிலீஷும் மீதி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்கள பாக்கார் பண்ணிட்டாங்களா அப்பா?" என்றான். பாக்கார் என்பது இங்கே சந்தையில் மீன் சுடுவதற்குச் சொல்வது. "மசாலா போட்டா, போடாமலா?" என்று அடுத்த கேள்வி. அவனுக்கு அதற்கு மேல் என் கதையில் ருசி இல்லை. பழிவாங்கவேண்டும் என்ற எண்ணமே நம்மோடு அழிந்துவிடும் போலிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான கவலை வந்தது.

5

இந்த வருடம் தை முடிவில் மச்சான் கிள்ளானுக்கு வந்தார். எங்கள் கடைக்குட்டிக்குக் காது குத்தவேண்டும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும் என்று பொன்னுத்தாயி நின்றுவிட்டாள். துறைமுகத்தில் இறங்கியவரைப் பார்த்தேன். மனிதர் கொஞ்சம்கூட மாறவில்லை. மீசைதான் முன்னைவிட அடர்த்தி. இரண்டு பக்கமும் கன்னத்தில் ஏறி நின்றது.

வருகிற ஆளை என்ன செய்வது என்று நான் ஏற்கனவே நிறைய யோசித்து வைத்திருந்தேன். ஊரையே நாறடிக்கும் டுரியான் பழத்தைக் கொடுத்து மூடிய அறையில் உட்கார வைப்பது. சுமத்ரா அடிக்கிற நேரமாகப் பார்த்து வெளித் தாழ்வாரத்தில் படுக்கை போடுவது. டுரியானை மனிதர் மூன்று சுளை கேட்டு வாங்கித் தின்றார். தாழ்வாரத்தில் படுத்த இரவுகளில் இலைகூட அசையவில்லை. எனக்கு வாய்த்த புயலெல்லாம் அவருடைய கட்சி.

காது குத்தி முடிந்த மறுநாள் கடைக்கு வந்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"மாப்ளே, ஊர்ல ஒன் சட்டை ஒன்னு வாங்கியாரச் சொல்லியிருக்காக."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்குறியே. ரெண்டு வருசமா கோடை மழை இல்ல. போன வருசம் திண்டுக்கல் நாகல் நகர்ல புதுச்சட்டை ஒன்னு எடுத்து மாட்டி இழுத்தோம். புழுதிக் காத்துதான் அடிச்சது. என் மீசை போனதுதான் மிச்சம். பூசாரி சொல்லிட்டாரு, சட்டை இருந்தாப் பத்தாது, ஒன் வேர்வை பட்டதா இருக்கணும்னு."

"என் வேர்வைக்கு ஊர்ல இம்புட்டு மரியாதையா?"

"மரியாதை இல்லாம? கடல் தாண்டி வாங்க வந்திருக்கமே." பிறகு அவர் வாசலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒன்னு மாப்ளே. நீ வேர்வை பட்டதத் தராத. பெட்டி பிரிக்காத புதுசா ஒன்னு தா. பட்டதுதான்னு நான் சொல்லிக்கிறேன்."

எனக்குப் புரியவில்லை. "மழை வேணாமா மச்சான்?"

அவர் மீசையை ஒரு பக்கமாக நீவினார். மறுபக்கமும் நீவினார். "ஒன் உப்புக்கெணத்துக் காட்டுல பொகையில போட்டிருக்கேன். நான் போயிச் சேரையில பரண்ல காயும். ஊரு பங்குனியிலயே இழுக்கணும்ங்குது. நாந்தான் முன்னால நிக்கணும், மாட்டேன்னு சொல்ல முடியுமா? அதான். இலை காயுற வரைக்கும் செத்த பொறுத்துப் பேஞ்சா யாருக்கு என்ன நட்டம்? நீ பொகையில வச்சவன். ஒனக்குத் தெரியாததா?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம்கூடக் கள்ளம் இல்லை. என்னை எரித்ததும் இதே வார்த்தைக்காகத்தான் என்பது அவர் நினைவிலேயே இல்லை. மறந்தே போய்விட்டார். இலை போனதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் மறந்ததைப் பொறுக்க முடியவில்லை.

"பெட்டியோட தாரேன் மச்சான்" என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். பெட்டியோடுதான் கொடுத்தேன்.

6

அன்றே வெளிர்நீலத்தில் ஒரு சட்டை எடுத்தேன். குண்டூசி, கழுத்துப்பட்டையில் அட்டை, கண்ணாடிக் காகிதம் மூடிய பெட்டி எல்லாம் உண்டு. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், கூலியாட்களை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு மூட்டைகளை நானே தூக்கினேன். கிள்ளான் வெயிலுக்கு உடம்பு தானே ஒழுகும். அன்றைக்கு நான் அதற்கு ஒத்தாசை செய்தேன். அரிசி மூட்டையை முன்கட்டிலிருந்து பின்கட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மறுபடி முன்கட்டுக்குக் கொண்டுவந்தேன். மச்சானை ஊர் சுற்றிப்பார்க்க முருகேசனோடு அனுப்பியிருந்தேன். எதிர்த்த வீட்டுச் சீனர் வந்து பார்த்துவிட்டு, வியாபாரம் நொடித்துவிட்டதா என்று கவலையோடு கேட்டார்.

வீட்டுக்குப் போனதும் பொன்னுத்தாயி பார்த்துவிட்டாள்.

"இது அண்ணனுக்குன்னு வாங்குன சட்டையில்ல?"

மாட்டிக்கொண்டேன். அவளிடம் பொய் சொல்லி நான் ஜெயித்ததில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். உப்புக்கிணற்றுக் காடு, பரணில் காயப்போகும் புகையிலை, அவர் கேட்ட புதுச்சட்டை, நான் தூக்கிய மூட்டை. இனி என்ன, தங்கச்சி அண்ணன் பக்கம். ராத்திரிச் சோறு இல்லை என்று தயாராக நின்றேன்.

அவள் கையை நீட்டினாள். "கழத்துங்க."

கொடுத்தேன். "தொவைக்கப் போறியா?"

"தொவைச்சா வேர்வை போயிருமே" என்றாள்.

சட்டையை நிழலில் உலர்த்தினாள். நாற்றம் தெரியாமல் உள்பக்கம் பவுடர் தூவினாள். கரிப்பெட்டியைப் பற்றவைத்துத் தேய்த்தாள். நான் பிரித்து எறிந்த குண்டூசிகளைக் குப்பையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எந்த மடிப்பில் எது இருந்ததோ அங்கேயே குத்தினாள். கழுத்துக்கு அட்டை வைத்துப் பெட்டிக்குள் இறக்கினாள். கடைக்காரனே பார்த்தாலும் புதிது என்பான்.

"ஒங்கண்ணன் இலை போயிரும் பொன்னு" என்றேன். எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

"தாலியக் கழுத்துல போட்டுக்கிட்டு, புருசன் வாசல்ல நிக்கயில, அவரு பேரச் சொல்லி மாரடிச்சு அழுதேன். மூணு நாளு. நல்லா அழுகுறேன்னு எங்கண்ணன் மொகத்துக்கு நேரா சொன்னாரு." பெட்டி மூடியை அமுக்கினாள். "ஊருக்கு மழை வேணும்ல? பெய்யட்டும்."

துறைமுகத்தில் மச்சான் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கப்பலேறினார். தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார். அவள் அழவில்லை.

7

நேற்று வேடசந்தூர்க்காரர் ஒருவர் கப்பலில் வந்து இறங்கினார். எங்கள் ஊரில் பெண் எடுத்தவர். கடைக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊர்ல மழை உண்டா?"

"அதையேன் கேக்குறீக. பங்குனி நடுவுல ஒங்களக் கட்டி இழுத்தாக. சட்டை நல்லாருந்துச்சு, நீலத்துல. ஒங்களுக்கு எடுப்பா இருந்துச்சு."

"அது கெடக்கட்டும். மச்சான்?"

"அவரு ஒரு கவலை இல்லாம முன்னால போனாரு. பரண்ல பொகையில தொங்குது, மூடக்கூட இல்ல. கேட்டதுக்கு, இந்த மேகம் பெய்யாது, எனக்குத் தெரியும்னாரு. மூணாம் நாளு மீசையை எடுத்துட்டுக் கொள்ளி வச்சாரு. குளிக்கப் போறதுக்குள்ள வடமேக்குல பாருங்க, கறுத்துச்சு. காத்துன்னா அம்புட்டுக் காத்து. ஆலங்கட்டி. கொளத்துல பாதி ரொம்பிருச்சு. சனம் ஆடுது."

"மச்சான் காட்டுக்கு ஓடுனாரா?"

"எங்கிட்டு ஓட? கடல் தாண்டிப் போயி சட்டை கொண்டாந்த மகராசன்னு தூக்கிட்டாகளே. தோள்ல வச்சு, மாலையப் போட்டுக் கொளத்தங்கரைக்குக் கொண்டுபோனாக."

முக்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக் கேட்டேன். "அவரு என்ன செஞ்சாரு?"

"பல்லக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. காட்டுப் பக்கமே பாத்தாரு. கண்ணுல தண்ணி. ஆனந்தக் கண்ணீர்னு பேசிக்கிட்டாக."

அவருக்குத் தேநீர் வரவழைத்தேன். பிஸ்கட்டும் வரவழைத்தேன். தோளில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள், மழை நின்ற பிறகு காட்டுக்குத் தனியாகப் போனாரா என்று கேட்டுக் கேட்டு அவரைப் படாத பாடு படுத்தினேன். மழைத் தண்ணீரில் குளம் பாதி நிறைந்ததும் மாடு பிழைத்ததும் எனக்கு மகிழ்ச்சிதான். பொய் சொல்லவில்லை. ஆனால் அதை இரண்டாவதாகத்தான் கேட்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பொன்னுத்தாயி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அழுதாரா?"

"அழுதாராம். நல்லா அழுதாருன்னு ஊரே சொல்லுச்சாம்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "சவ்வரிசி கடையில இருக்கா, இல்ல கொண்டாரணுமா?" என்றாள்.

அந்தப் பாயசத்தைத்தான் இப்போது மூன்றாவது டம்ளர் குடித்துக்கொண்டிருக்கிறேன். விடியற்காலைச் சுமத்ரா பிய்த்த தகரம் சரியாகப் புகையிலைக் கட்டுகளுக்கு மேலே இருந்த தகரம். திண்டுக்கல்லில் இருந்து தருவித்த சரக்கு அவ்வளவும் நனைந்துவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பேன். இன்று அதன் வாசனைகூட நன்றாக இருக்கிறது.

முருகேசன் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். காது குத்துக்கு வந்த மாமாவை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

"மாமா மறுபடி எப்பப்பா வருவாரு?"

"மீசை வளரட்டும்டா" என்றேன்.